அசையாத ஐம்பத்தெட்டு

“மூணு கம்பிதானே சார், இதுல என்ன இருக்கு?” என்று போன வாரம் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன். பின்வரிசையில் குனிந்து சிரிக்கிறவருக்குத் தெரியும்.

கேட்டதில் பிழையில்லை. இன்றைக்கு அகச்சிவப்பு உணரி என்றால் கட்டைவிரல் அளவுப் பலகை ஒன்று. பிளஸுக்கு ஒரு கம்பி, எர்த்துக்கு ஒன்று, சிக்னலுக்கு ஒன்று. சிக்னல் கம்பியை மைக்ரோ கண்ட்ரோலரின் காலில் செருகி நாலு வரி எழுதினால் போதும். எதிரே ஏதாவது வந்தால் ஒன்று, வராவிட்டால் பூச்சியம். பத்து நிமிட வேலை. அதைச் சொல்லித்தர இங்கே என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஓர் அரை மணி நேரத்தைப் பற்றி. முப்பது வருட வேலையில் மோட்டார் எரிந்திருக்கிறது, டிரையர் புகைந்திருக்கிறது, ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்து மூன்று மாதம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம். இந்த அரை மணி நேரத்தை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். பூனாகலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்தும் இன்னும் மூன்று மைல் ஏறவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன். நான் பிறந்ததும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான், ஆனால் வேறு தோட்டம். பதுளையில் டெக்னிக்கல் படித்து ஸ்டாஃப் வேலைக்கு வந்தவன். அதனால் என்ன ஆயிற்று என்றால், லயத்து ஆட்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். ஸ்டாஃப் வீடுகளிலோ கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடும்போது என் பெயர் மறந்துபோகும். ரெண்டுங்கெட்டான் பிழைப்பு. ஃபேக்டரிக்குப் பின்னால் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். சோறும் பருப்பும், அலுத்தால் ரொட்டியும் சம்பலும், அதுவும் அலுத்தால் மறுபடி சோறும் பருப்பும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போவேன். வேண்டாத பல்பு ஒன்று வாங்குவேன். கடைக்கார நானா, “வேற என்ன வேணும் தம்பி?” என்று கேட்பார். அந்த வாரம் முழுவதும் என்னை ஒரு கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அதற்காகவே இன்னொரு பல்பும் வாங்கியிருக்கிறேன். குவார்ட்டர்ஸ் அலமாரியில் பதினேழு பல்பு சேர்ந்திருந்தது. சிரியுங்கள், பரவாயில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில். டாக்டரையா வாரத்தில் பாதி நாள் பக்கத்துத் தோட்டத்தைப் பார்க்கப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் மிட்வைஃப் அம்மாதான். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்கிய மனுஷி, மலைக் குளிர் பழகாமல் எந்நேரமும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஒருநாள் டியூப் லைட் மாற்றப் போயிருந்தேன். அவர் ஒரு சேலைன் பாட்டிலுக்குக் கீழே கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டிலுக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் குழாய் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் துளி துளியாக விழும். நிமிடத்துக்கு எத்தனை துளி என்று எண்ணித்தான் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

“எண்ணி முடிக்கிறதுக்குள்ளை மற்றக் கட்டிலிலை ஆரும் கூப்பிட்டிடுவினம் தம்பி. பிறகு திரும்ப ஒண்டிலையிருந்து” என்றார். “உங்கடை மெசின் ஒண்டும் இதை எண்ணாதோ?”

“எண்ணுமே அம்மா. நான் செஞ்சு தாறேன்” என்றேன். யோசிக்கவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியை நான் நோயாளிகளுக்காகச் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. போனால் அந்த அம்மா, “இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்பார். தன் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொல்வார். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்து கொடுத்திருப்பேன்.

தோட்டத்து ஆபீசில் செத்துப்போன கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்று கிடந்தது. அந்தக் காலத்து மவுஸின் வயிற்றில் ஓர் உருண்டை இருக்கும். அது உருள்வதைப் பார்க்க, உள்ளே அகச்சிவப்பு ஒளியை விடுகிற மணி ஒன்றும் அதை வாங்கிக்கொள்கிற மணி ஒன்றும் எதிரெதிரே இருக்கும். அந்த இரண்டையும் பிடுங்கி, துணி காயப்போடும் கிளிப்பின் இரண்டு பக்கமும் ஒட்டினேன். வெளி வெளிச்சம் படாமலிருக்க சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றினேன். கிளிப்பைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடிக் குழாயில் மாட்டினால், துளி ஒவ்வொன்றும் விழும்போது ஒளி ஒரு கணம் சிதறும். சிதறுவதை மைக்ரோ கண்ட்ரோலர் சில்லு பிடித்துக்கொள்ளும். பதினெட்டுக் கால் சில்லு அது, பதுளை பஸாரில் சொல்லிவைத்து மூன்று வாரம் காத்திருந்து வாங்கியது. ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அது அளக்கும், அளந்து, நிமிடத்துக்கு இத்தனை என்று இரண்டு சிவப்பு இலக்கத்தில் காட்டும்.

இந்த இடத்தில் உங்களில் இரண்டு பேர் நெற்றியைச் சுருக்குகிறீர்கள். நல்லது. நான் அன்றைக்குச் சுருக்கவில்லை.

மிட்வைஃப் அம்மா லேசில் நம்பிவிடவில்லை. பதினைந்து நாள் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் நாற்பத்திரண்டு என்றால் அதுவும் நாற்பத்திரண்டு, அவர் முப்பது என்றால் அதுவும் முப்பது. பாட்டில் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே கிளிப்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, துணியில் சுற்றி வைத்துவிடுவார். அவ்வளவு பத்திரம். “தம்பி, இது என்னைவிடத் திறமாய் எண்ணுது” என்று அவர் சொன்ன அன்று, குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு நடந்தேன். பதினைந்து நாளும் விழுகிற துளியை வைத்துத்தான் சோதித்தோம். விழாத துளியை யாருமே சோதித்துப் பார்க்கவில்லை.

அந்த ஐப்பசி மழையில், மலையிலிருந்து குடிக்க வரும் பீலித் தண்ணீர் கலங்கி, லயங்களில் வாந்தி பேதி கிளம்பியது. கலா என்ற பெண்ணைக் காலையில் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் கொழும்பில் கடையில் வேலை. கூட வந்தது தாய் முத்தம்மா, கொழுந்து எடுக்கிறவர். கலா கண் குழிந்து, உதடு வெடித்து, வாய் திறந்து பேசவும் தெம்பில்லாமல் கிடந்தாள். இடது புறங்கையில் ஊசி குத்தி சேலைன் ஏற்றினார்கள். அறுபதுக்குப் பக்கத்தில் ஓடவேண்டும், குறையக் கூடாது என்று மிட்வைஃப் அம்மா கணக்குச் சொன்னார். என் கிளிப்பை மாட்டினார். நான் பகல் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்கப் போனவன், அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்போது கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து ஆள் ஓடி வந்தது. அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி, பிள்ளை காலால் வருகிறது. டாக்டரையாவும் இல்லை. மிட்வைஃப் அம்மா ஒரு கணம் கலாவைப் பார்த்தார், ஒரு கணம் வாசலைப் பார்த்தார். பிறகு என் கருவியைப் பார்த்தார்.

“தம்பி, ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவன். இந்த நம்பரைப் பாத்துக்கொண்டிருங்கோ. முப்பதுக்குக் கீழை போனால் உடனை ஆள் அனுப்புங்கோ. தண்ணி நிண்டால் இந்தப் பிள்ளை தாங்காது.”

“நீங்க போங்கம்மா. நான் இருக்கேன்” என்றேன். கருவி இல்லாவிட்டால் அவர் போயிருக்க மாட்டார். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் செய்து கொடுக்கிற சாமானை நம்பி ஒருவர் ஓர் இடத்தை விட்டு நகர்கிறார்.

நான் கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஐம்பத்தேழு, அறுபது, ஐம்பத்தொன்பது என்று இலக்கம் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் முத்தம்மா உள்ளே வந்தார். மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு காப்பு நூல் வாங்கி வந்திருந்தார், மஞ்சளில் நனைத்த நூல். மகள் கையில் கட்டப்போகிறார் என்றதும் நான் ஸ்டூலைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். வெளியே மலை முழுவதும் மேகம் மூடிக் கிடந்தது. முனகல் சத்தம், சாமி பெயர் சொல்லும் சத்தம், கம்பளியை இழுத்து மூடும் சத்தம். திரும்பியபோது கலா கழுத்துவரை கம்பளிக்குள் இருந்தாள். நெற்றியில் திருநீறு. இலக்கம் ஐம்பத்தெட்டு.

அந்த ஐம்பத்தெட்டு ஆடவில்லை. ஐம்பத்தேழும் இல்லை, அறுபதும் இல்லை, ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டாகவே நின்றது. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘அடடா, எவ்வளவு சீராக ஓடுகிறது’ என்று நினைத்தேன். தற்பெருமை தலைக்கேறினால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

“ஐயா, தண்ணி சொட்டலையே?” என்றார் முத்தம்மா.

“சொட்டுதும்மா. இந்தா பாருங்க, ஐம்பத்தெட்டு.”

அவர் இலக்கத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் போயிருக்கும். “இல்லீங்க, சொட்டுற மாதிரி தெரியலீங்களே.”

“ரப்பர் சுத்தியிருக்குல்ல, அதனால ஒங்களுக்குச் சரியாத் தெரியாதும்மா. உக்காருங்க.”

உட்கார்ந்தார். மகளின் காலைத் தேய்த்துவிட்டார். மறுபடி எழுந்தார். ரப்பருக்கு மேலே அரை விரல் அகலம் குழாய் வெளியே தெரியும். அதில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“எனக்கு நம்பரு தெரியாதுங்க ஐயா. ஆனா தண்ணி விழலீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினைந்து நாள் சோதித்த கருவி. மிட்வைஃப் அம்மாவே ஒப்புக்கொண்ட கருவி. “அம்மா, கண்ணுக்குத் தப்பும், இதுக்குத் தப்பாது. சும்மா பயப்படாம இருங்க” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்தேதான் வந்தது. ஸ்டாஃப் குரல். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து நின்றிருந்தால் போதும், பிள்ளைகளே. ஸ்டூலிலிருந்து எழுந்து ஓரடி எடுத்து வைத்து, குழாயைப் பார்த்திருந்தால் போதும். எழுந்திருக்கவில்லை. இலக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் போயிருந்தது.

“கலா... ஏ கலா... அடியே, கண்ண முழிடி!” என்று முத்தம்மா உலுக்கியபோதுதான் நிமிர்ந்தேன். கலா அசையவில்லை. கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. பாய்ந்து எழுந்து குழாயைப் பார்த்தேன். ஒரு துளி இல்லை. எண்ணினேன், இருபதுவரை எண்ணினேன். ஒரு துளி இல்லை. பக்கத்தில் சிவப்பாக ஐம்பத்தெட்டு.

கலாவைத் தூக்கி வந்தவர்களில் வாசலில் நின்ற ஒருவரைக் கீழ்ப்பிரிவுக்கு ஓடச் சொல்லிக் கத்தினேன். குழாயைப் பிடித்துக்கொண்டே பாட்டிலிலிருந்து கீழே கீழே வந்தேன், மின்கம்பியில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுகிற மாதிரி. எங்கேயும் மடியவில்லை. கம்பளியை விலக்கினேன். ஊசி குத்தியிருந்த அதே கையில், மணிக்கட்டில், ஊசிக்குச் சற்று மேலே, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்ட காப்பு. பெண்பிள்ளைக்கு இடது கையில்தானே கட்டுவோம்! ஊசியும் இடது கையில். நூலுக்குக் கீழே கை வீங்கிப் பளபளவென்றிருந்தது. தண்ணீர் போகிற வழியையே கட்டிப் போட்டிருக்கிறது.

சட்டைப் பையிலிருந்து கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்தேன். முத்தம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ சாமி, காப்ப அறுக்காதீங்க! அறுத்தா ஏம் புள்ள போயிரும்!”

அவர் பிடி கொழுந்து எடுத்து உரமேறிய பிடி. உதறியிருக்கலாம். உதறி வெட்டியிருந்தால் ஒரு நொடி. ஆனால் நானும் லயத்தில் பிறந்தவன். காப்பு அறுந்த கையைப் பார்த்தால் அந்தத் தாய் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அவரோடு மல்லுக்கட்டினால் அதற்கே இரண்டு நிமிடம் போய்விடும் என்றும் தெரியும்.

“அறுக்கலம்மா. சத்தியமா அறுக்கல. முடிச்ச அவுத்து வலது கையில கட்டலாம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. கையைப் பிடிங்க.”

பிடித்தார். ஈர நூல், நகத்துக்கு அகப்படவில்லை. சாலிடர் வேலைக்கு வைத்திருக்கும் இடுக்கியால் முடிச்சைத் தோண்டினேன். இடுக்கி வழுக்கி இரண்டு தடவை கலாவின் தோலைக் கீறிவிட்டேன். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது. நூல் கழன்றது. குழாயைப் பார்த்தோம், நானும் முத்தம்மாவும் தலையோடு தலை முட்ட. ஒன்றும் இல்லை. பிறகு ஒரு துளி. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

அந்த முதல் துளி விழுந்ததும் என் கருவி என்ன காட்டியது தெரியுமா? பூச்சியம். முந்தைய துளி விழுந்து அரை மணி நேரம் ஆகிவிட்டதாம். விழாதபோதெல்லாம் ஐம்பத்தெட்டு என்று அடித்துச் சொன்னது, விழ ஆரம்பித்த உடனே பூச்சியம் என்றது. துளி வந்தால்தான் கணக்குப் போடு என்று நான்தான் அதற்கு எழுதியிருந்தேன். துளியே வராவிட்டால் கணக்கே நடக்காது, கடைசியாகப் போட்ட கணக்கு அப்படியே நிற்கும். அது பொய் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்ல நான் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

மிட்வைஃப் அம்மா சேற்றுக் காலோடு ஓடி வந்தார். நாடி பார்த்தார், இன்னொரு கையில் இரண்டாவது ஊசி குத்தினார், தோட்டத்து வேனைக் கூப்பிட்டார். கலாவைப் பதுளைக்குக் கொண்டு போனார்கள். வேன் போன பிறகு அவரிடம் நடந்ததைச் சொன்னேன், என் கணக்கு எப்படித் தவறிப்போனது என்பதை மட்டும். முத்தம்மா மூன்று தடவை சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. கிளிப்பைக் கழற்றி, வழக்கம்போல் துணியில் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

“கொண்டு போங்கோ தம்பி.”

ஒரு வாரத்தில் திருத்திவிட்டேன். நாலு வினாடி துளி வராவிட்டால் இலக்கத்தை அழித்து இரண்டு கோடு போடும், கத்தவும் கத்தும். கொண்டுபோய்க் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். “நல்ல வேலை. ஆனால் வேண்டாம்” என்றார். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்றோடு எனக்கு அந்தத் தேத்தண்ணியும் இல்லாமல் போயிற்று. போகக் காரணமும் இல்லை, போக முகமும் இல்லை. மாலையில் ஃபேக்டரி ஓய்ந்த பிறகு குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீரைச் சொட்டவிட்டு நிறுத்துவேன். கோடு வரும். மறுபடி சொட்டவிட்டு நிறுத்துவேன். யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு மாதக்கணக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய தொழில் விஷயம் இவ்வளவுதான்: உணரியிலிருந்து செய்தி வராத நேரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள், அசையாத இலக்கத்தைக் கண்டால் எழுந்து போய்ப் பாருங்கள். இதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். நான் படித்தது புத்தகத்தில் இல்லை.

கலா பிழைத்துவிட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஃபேக்டரிக்கு முன்னால் உள்ள பாதையில் தாயும் மகளும் வந்தார்கள். கலா சால்வையைப் போர்த்திக்கொண்டு மெதுவாக நடந்தாள், வலது கையில் காப்பு. என்னைக் கண்டதும் முத்தம்மா கும்பிட்டார். லயமெல்லாம், எலெக்ட்ரீஷியன் ஐயாதான் முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று பேச்சாம். அது எனக்குப் பொறுக்கவில்லை. மகளை முன்னால் போகவிட்டு அவரை நிறுத்தினேன்.

“அம்மா, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. மூணு தரம் சொன்னீங்க. நாந்தான் எந்திரிச்சுப் பாக்கல. ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். எம் மேலதான் தப்பு. எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லுங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது.

“ஒங்க தப்பு ஒங்களோட இருக்கட்டுங்க ஐயா. காப்ப இறுக்கினது கூட தெரியாம செஞ்சது. ஆனா தண்ணி விழலன்னு எனக்குக் கண்ணுல தெரிஞ்சிச்சு. நல்லாத் தெரிஞ்சிச்சு. ஐயா படிச்சவரு சொல்றாரேன்னு, எங் கண்ண நானே பொய்யின்னு நெனச்சு வாய மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். பெத்தவ செய்யிற வேலையாங்க இது?”